ரோஸ்மேரி: தொட்டியில் சாகவிடாமல் வளர்க்க முழுமையான வழிகாட்டி

ஊட்டியிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வாங்கிவந்த ரோஸ்மேரிச் செடி முதல் மாதம் பளிச்சென்று இருக்கும். இரண்டாம் மாதம் அடியிலைகள் பழுப்பாகும். மூன்றாம் மாதம் தொட்டாலே இலை பொலபொலவென்று உதிரும். வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது என்று செடியை நிழலுக்கு நகர்த்தி, இன்னொரு குவளை தண்ணீரும் ஊற்றுவோம். அதோடு கதை முடிந்துவிடும்.

சமவெளியில் ரோஸ்மேரியைக் கொல்வது பெரும்பாலும் வேரில் தங்கும் ஈரம்தான். வெயிலுக்கு அதில் இரண்டாம் இடமே. மண்கலவை, தொட்டி, தண்ணீர், மழைக்காலப் பாதுகாப்பு என்று கீழே வரும் எல்லாமே இந்த ஒன்றைச் சுற்றித்தான். மற்றதில் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் செடி பொறுத்துக்கொள்ளும்.

பிறந்த மண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்

ரோஸ்மேரி மத்தியதரைக் கடலோரத்துப் புதர். ஸ்பெயின், தெற்கு பிரான்ஸ், இத்தாலி, மொராக்கோ, துனிசியா நாடுகளில் சுண்ணாம்புப் பாறைக் குன்றுகளில் யாரும் நடாமல் தானாக முளைத்து, ஆள் உயரத்துக்குப் புதராகி நிற்கும். அங்கே மழை குளிர்காலத்தை ஒட்டித்தான் பெய்யும். கோடை முழுக்க வறட்சி. ரோஸ்மேரி மண்டிக் கிடக்கும் ஸ்பெயினின் அலிகான்டே வட்டாரத்தில் ஆண்டு மழை சுமார் 300 மி.மீ. சென்னையில் அது சுமார் 1,400 மி.மீ. அதிலும் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். செடிக்கு இங்கே என்ன சிக்கல் என்பது இந்த இரண்டு எண்களிலேயே தெரிந்துவிடும்.

துளசி, புதினா, தும்பை, கற்பூரவள்ளி எல்லாம் இதன் சொந்தங்கள். இளந்தண்டை விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்தால் துளசித் தண்டு போலவே நான்கு பட்டையாக இருப்பது தெரியும். இலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும், பூவுக்கு இரண்டு உதடு. ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் ரோஸ்மரினஸ் என்ற பேரினத்தில் வைத்தார். மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு 2017-இல் இதை சால்வியா பேரினத்தில் சேர்த்தார்கள். இன்றைய அறிவியல் பெயர் சால்வியா ரோஸ்மரினஸ். விதைப் பொட்டலங்களில் இன்னும் பழைய பெயரையே காணலாம். இரண்டும் ஒரே செடிதான்.

ஓர் இலையைக் கிள்ளித் திருப்பிப் பாருங்கள். மேல்பக்கம் தோல் போல் கெட்டியாக, கரும்பச்சையாக இருக்கும். ஓரங்கள் இரண்டும் கீழ்நோக்கிச் சுருண்டு ஒரு சிறு வாய்க்கால் போல் ஆகியிருக்கும். அந்த வாய்க்காலுக்குள் வெள்ளைப் பஞ்சு போல் ரோமம். இலை மூச்சுவிடும் துளைகள் அந்தப் பஞ்சுக்குள்தான் ஒளிந்திருக்கின்றன. காய்ந்த காற்றில் நீர் வீணாகாமல் காக்க இப்படி ஓர் ஏற்பாடு. இதே பஞ்சு நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இலைமேல் தண்ணீர் தெளிக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

எந்த ஊரில் எவ்வளவு எதிர்பார்க்கலாம்

நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் இதைத் தரையிலேயே பயிராக வளர்க்கிறார்கள். ஊட்டி தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் ‘ஊட்டி ஆர்.எம். 1’ ரகம் அங்கே நடவுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. செடிக்குச் செடி 45 செ.மீ. இடைவெளியில், தண்ணீர் நிற்காத சரிவில் அல்லது மேட்டுப்பாத்தியில் நட்டால் போதும். மலைவாசிகளுக்கு இந்த வழிகாட்டியில் கவாத்தும் (கிளை கத்தரிப்பது) கட்டிங்கும் (தண்டை வெட்டிவைத்துப் புதுச்செடி எடுப்பது)தான் முக்கியம்.

பெங்களூர், ஓசூர் பக்கம் தொட்டியிலும் வரும், உயர்த்திய பாத்தியிலும் வரும். கோயம்புத்தூரில் கொஞ்சம் கவனித்தால் நன்றாக வரும். சென்னை, திருச்சி, மதுரை, தூத்துக்குடி என்றால் தொட்டியைத் தவிர வேறு வழியில்லை. மழை வரும்போது தூக்கி நகர்த்தும்படி இருக்க வேண்டும். சமவெளியில் இலை கிடைக்கும், வாசம் கிடைக்கும். பூவை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். அந்த இளநீலப் பூக்களுக்குக் குளிர்ந்த இரவுகள் வேண்டும். பூக்கவில்லையே என்று உரத்தைக் கூட்டுவது வீண் வேலை.

வாங்கும்போது

சமவெளிக்காரர்கள் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் வாங்குங்கள். வேர் பிடிக்க இரண்டு மூன்று மாதம் இதமான காலம் கிடைக்கும். ஏப்ரலில் வாங்கிய செடி வேர் பிடிப்பதற்குள் கத்திரி வெயில் வந்துவிடும்.

நர்சரியில் மூன்றைச் சோதியுங்கள். முதலில் வாசம். இலையைக் கசக்கினால் யூகலிப்டஸும் கற்பூரமும் கலந்தாற்போல் சுள்ளென்று மூக்கில் ஏற வேண்டும். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வெஸ்ட்ரிஞ்சியா என்ற அழகுச்செடி பார்ப்பதற்கு அச்சு அசலாக இதைப் போலவே இருக்கும். ஆனால் அதற்கு இந்த வாசம் கிடையாது, இலைகளும் கணுவுக்கு இரண்டாக இல்லாமல் வட்டமாகச் சூழ்ந்திருக்கும். அடுத்து தண்டின் அடி. மண்ணைத் தொடும் இடத்தில் கறுத்தோ மெத்தென்றோ இருந்தால் எவ்வளவு பசுமையாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். மூன்றாவதாகப் பையின் எடை. சொதசொதவென்று கனமாக இருக்கும் பையில் வேர் ஏற்கெனவே அழுகத் தொடங்கியிருக்கலாம்.

விதையிலிருந்து வளர்க்கலாமா என்று பலர் கேட்பார்கள். முளைப்பு மிகக் குறைவு, முளைக்கவே மூன்று வாரம்போல் ஆகும், கைக்கு இலை வர ஓராண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். முளைத்து வரும் செடியும் தாய்ச்செடியின் வாசத்தோடு வரும் என்று உறுதியில்லை. ஒரு நல்ல செடியை வாங்கி அதிலிருந்து கட்டிங் எடுப்பதே புத்திசாலித்தனம்.

தொட்டி

சுட்ட மண்தொட்டிதான் வேண்டும். அதன் சுவர் வழியாக ஈரம் வெளியேறும், வேருக்குக் காற்று கிடைக்கும், மண்ணும் குளிர்ந்திருக்கும். சிறு செடிக்கு 8 அங்குலம், ஓராண்டுச் செடிக்கு 10 முதல் 12 அங்குலம். சின்னச் செடியைப் பெரிய தொட்டியில் வைக்கக் கூடாது. வேர் எட்டாத மண்ணில் ஈரம் நாள்கணக்கில் தங்கி, அழுகல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். கறுப்பு க்ரோ பேக் (செடி வளர்க்கும் பிளாஸ்டிக் பை) மொட்டை மாடி வெயிலில் சூடேறி வேரை வேகவைத்துவிடும். பெயின்ட் அடித்த தொட்டி, பீங்கான் தொட்டி இரண்டையும் தவிர்க்கலாம்.

அடியில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை இருக்க வேண்டும். அதன்மேல் ஒரு துண்டு கொசுவலை போதும். அடியில் இரண்டு அங்குலம் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்ற பழக்கம் நம்மிடம் உண்டு. அது தவறு. நுண்ணிய மண்ணிலிருந்து பெருஞ்சல்லிக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. மண் முழுதாக நனைந்து ததும்பினால்தான் இறங்கும். ஆகவே ஜல்லிக்கு மேலே ஓர் ஈரப்பட்டை நிரந்தரமாக நிற்கும். ஜல்லி போட்டதால் அந்த ஈரப்பட்டை இரண்டு அங்குலம் உயர்ந்து வேருக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது, அவ்வளவுதான். ஜல்லியை அடியில் போடாதீர்கள். வடிகாலுக்கான கொரகொரப்பான பொருளைக் கீழே சொல்வதுபோல் கலவை முழுவதும் கலந்துவிடுங்கள்.

மண்கலவை: இங்கேதான் பாதி வெற்றி

மாடித்தோட்டக்காரர்கள் எல்லாவற்றுக்கும் பயன்படுத்தும் கோகோபீட் கலவை ரோஸ்மேரிக்கு ஆகாது. தென்னைநார்த் துகள் ஸ்பாஞ்சு மாதிரி ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும். தக்காளிக்கு அது வரம், இதற்கு எமன்.

பத்து அங்குலத் தொட்டி ஒன்றுக்கு ஒரே அளவுக் குவளையால் இப்படி அளந்துகொள்ளுங்கள்: பருமணல் 4 பங்கு, செம்மண் 3 பங்கு, நொறுக்கிய செங்கல் 2 பங்கு, நன்றாக மக்கிய மண்புழு உரம் 1 பங்கு.

மணல் என்றால் கட்டட வேலைக்குப் பயன்படும் கொரகொரப்பான ஆற்று மணல். எம்-சாண்ட் மட்டும்தான் கிடைக்கிறது என்றால் வாளியில் போட்டுக் கலக்கி மேலே வரும் கலங்கல் நீரை ஊற்றிவிடுங்கள். நீர் தெளியும்வரை மூன்று நான்கு முறை அலச வேண்டும். அந்தத் தூள் போகாவிட்டால் கலவை சிமென்ட் போல் இறுகிவிடும். கடற்கரை மணல் கூடவே கூடாது, உப்பு. செங்கலைக் கடலைப் பருப்பு அளவுக்கு உடைத்து, சலித்துத் தூளை நீக்கிவிடுங்கள். பெர்லைட் (எரிமலைக் கல்லைப் பொரித்த எடை குறைந்த வெள்ளைத் துகள்) கிடைத்தால் செங்கலுக்குப் பதில் அதையே போடலாம், எடையும் குறையும்.

களிமண் அல்லது கரிசல் கலந்த மண் வீட்டில் இருந்தால் அதைச் செம்மண்ணுக்குப் பதிலாகப் போட வேண்டாம். கலவையில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையின் பொடி 10 கிராம் சேர்த்தால் வேரழுகல் பூஞ்சைக்கு ஒரு தடுப்பு. ஆனால் தண்ணீர் தேங்கும் மண்ணில் அதுவும் காப்பாற்றாது.

சுண்ணாம்பு மண்ணில் பிறந்த செடி என்பதால் சுண்ணாம்பு போட வேண்டுமா? கார அமில நிலை 6-இலிருந்து 7.5 வரை எதிலும் வளரும். போர்வெல் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் அந்தத் தண்ணீரிலேயே வேண்டிய அளவு சுண்ணாம்பு வந்துசேரும். மலைப்பகுதியின் புளிப்பு மண்ணில் மட்டும் முட்டை ஓட்டுத் தூள் இரண்டு மேசைக்கரண்டி கலந்துகொள்ளலாம்.

கலவை சரியா என்று நடுவதற்கு முன்பே பாருங்கள். தொட்டியை நிரப்பி ஒரு முறை நனைத்துவிட்டு, மறுபடி ஒரு லிட்டர் தண்ணீரை வேகமாக ஊற்றுங்கள். அரை நிமிடத்துக்குள் மேற்பரப்பில் தண்ணீர் மறைந்து, அடியில் ஒழுக வேண்டும். குளம் கட்டி நின்றால் கொட்டி, இன்னும் இரண்டு பங்கு மணல் சேர்த்துக் கலக்குங்கள். செடி நட்ட பிறகு இந்தத் தவறைத் திருத்துவது கடினம்.

நடவு

வாங்கிவந்த செடியை ஒரு வாரம் பையோடேயே வெளிச்சமான இடத்தில் வைத்துப் பழக்குங்கள். பிறகு மாலை நேரத்தில் பையைக் கத்தரித்து வேர்ப்பந்தை எடுங்கள். அது கோகோபீட்டாகவோ மலையின் கறுப்பு மண்ணாகவோ இருக்கும். அப்படியே நட்டால் சுற்றிலும் மணல் காய்ந்திருக்க, நடுவில் ஓர் ஈர உருண்டை மட்டும் காயாமல் கிடக்கும். ஆகவே வேர்ப்பந்தின் வெளிப்பக்கத்து ஓர் அங்குல மண்ணை விரலால் மெதுவாக உதிர்த்துவிடுங்கள். அடியில் வட்டமாகச் சுருண்ட வேரைப் பிரித்துவிடுங்கள். முழுக்க அலசி வேரை வெறுமையாக்க வேண்டாம், நுனிவேர்கள் அறுந்துவிடும்.

நடும் உயரம் முக்கியம். வேர்ப்பந்தின் மேல்மட்டம் சுற்றியுள்ள மண்ணைவிட ஒரு செ.மீ. உயர்ந்திருக்கட்டும், தண்டைச் சுற்றிச் சிறு மேடு போல. தண்டை மண்ணால் மூடினால் கழுத்துப்பகுதி அழுகும். மேலே கூழாங்கல்லை ஓர் அடுக்கு பரப்பினால் மழைத்துளி தெறித்து மண் இலையில் ஒட்டாது, கழுத்தும் காய்ந்திருக்கும். வைக்கோல், காய்ந்த சருகு மூடாக்கு வேண்டாம், அவை ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

நட்டவுடன் ஒருமுறை நிறைய தண்ணீர். அதன்பின் மேலே இரண்டு அங்குலம் காயும்வரை எதுவும் இல்லை. முதல் பத்து நாள் காலை வெயில் மட்டும், பிறகு முழு வெயில்.

தண்ணீர்: எப்போது, எப்படி

வாரத்துக்கு இத்தனை முறை என்று கணக்கு வைத்து ஊற்றுகிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். காற்றும் வெயிலும் நாளுக்கு நாள் மாறும்போது கணக்கு எப்படி நிற்கும்? தொட்டியின் எடையைப் பழகிக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றி வடிந்ததும் ஒருமுறை தூக்கிப் பாருங்கள், அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும். நான்கைந்து நாளில் கைக்கே தெரிந்துவிடும். தூக்க முடியாத பெரிய தொட்டி என்றால் ஒரு மூங்கில் குச்சியை ஓரமாக நான்கு அங்குலம் செருகி வையுங்கள். உருவிப் பார்க்கும்போது ஈரக்கறை இருந்தால் அன்று வேண்டாம். குச்சி காய்ந்து வந்தால் ஊற்றலாம்.

ஊற்றும்போது அடியில் ஒழுகும்வரை ஊற்றுங்கள். தினமும் அரைக் குவளை என்று சொட்டுச் சொட்டாகக் கொடுப்பது இரண்டு வகையிலும் கேடு: மேல் மண் எப்போதும் ஈரம், அடி வேருக்கோ எதுவும் இல்லை. நிறைய ஊற்றி நன்றாகக் காயவிடுவதுதான் இதற்குப் பிடித்த முறை. அடித்தட்டில் தேங்கியதைக் கால் மணி நேரத்துக்குள் கொட்டிவிடுங்கள். தட்டே இல்லாமல் தொட்டியை மூன்று செங்கல்மேல் ஏற்றிவைப்பது இன்னும் நல்லது.

தோராயமாகச் சொன்னால், 10 அங்குல மண்தொட்டிக்கு டிசம்பர், ஜனவரியில் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை. மார்ச்சில் இரண்டு நாளுக்கு ஒருமுறை. மே மாத வெயிலில் தினமும் காலையில் கூடத் தேவைப்படலாம். மழைக்காலத்தில் பல வாரங்கள் எதுவும் வேண்டாம். முடிவு எப்போதும் குச்சியுடையது.

துளசி தண்ணீர் இல்லாமல் வாடினால் தலை தொங்கிக் காட்டும், ஊற்றினால் ஒரு மணியில் நிமிரும். ரோஸ்மேரியிடம் அந்த எச்சரிக்கை இல்லை. இலை கெட்டி என்பதால் உள்ளுக்குள் காய்ந்துகொண்டிருக்கும்போதும் விறைப்பாகவே நிற்கும். இளம் நுனிகள் மட்டும் லேசாகச் சாயும், பச்சை மங்கிச் சாம்பல் பூசும். அதைத் தவறவிட்டால் அடுத்தது உதிர்வுதான். வெளியூர் போகும்போது பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் மூங்கில் குச்சி முறையையும் சொல்லிவிட்டுப் போங்கள்.

குறைவா, அதிகமா என்று பிரித்தறிவது

இரண்டிலும் இலை பழுப்பாகி உதிர்வதால் குழப்பம் வருவது இயல்பு. தண்ணீர் குறைவென்றால் தொட்டி லேசாக இருக்கும், பழுப்பு நுனியில் தொடங்கும், உதிர்ந்த இலை மொறுமொறுவென்றிருக்கும். அதிகமென்றால் தொட்டி கனக்கும், அடியிலைகள் முதலில் மஞ்சளாகிப் பிறகு கறுக்கும், மண்ணில் புளித்த வாடை வரும்.

சந்தேகம் தீரவில்லையென்றால் செடியை மண்ணோடு சாய்த்து எடுத்து ஒரு வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெளிர் நிறத்தில் இருக்கும், நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளை தெரியும். அழுகிய வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறைபோல் கழன்று கையோடு வரும், உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சும். ஃபைட்டோஃப்தோரா, பித்தியம், ரைசோக்டோனியா ஆகிய நுண்ணுயிரிகளின் வேலை இது. முதல் இரண்டும் நீர் நிறைந்த மண்ணில் நீந்திப் பரவும் வித்துகளை விடுபவை.

பாதி வேர் நன்றாக இருந்தால் அழுகியதை வெட்டி, புதிய காய்ந்த கலவையில் சிறிய தொட்டியில் நட்டு, மேலே மூன்றில் ஒரு பங்கைக் கத்தரித்து, ஒரு வாரம் நிழலில் வைத்துப் பார்க்கலாம். பிழைப்பது சில சமயம்தான். தண்டின் அடி கறுத்துவிட்டால் அந்தச் செடியில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். உடனே பச்சையாக இருக்கும் நுனிகளில் கட்டிங் எடுங்கள். செடி போனாலும் ரகம் மிஞ்சும்.

கோடை

ரோஸ்மேரிக்கு நாளுக்கு ஆறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். ஜன்னலோரம், பால்கனி உள்மூலை போன்ற இடங்களில் தண்டு நீண்டு இலை இடைவெளி விடும், வாசம் குறையும். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் வரை மட்டும் மதியம் 12 முதல் 3 வரை 50 சதவீத நிழல்வலை கொடுங்கள். காற்றை அடைக்காமல் மேலே மட்டும் கட்டுங்கள். தளத்தின் சூடு ஏறாமலிருக்கத் தொட்டியை செங்கல்மேல் வையுங்கள். ஒரு பெரிய மண்தொட்டிக்குள் இந்தத் தொட்டியை வைத்து இடைவெளியில் காய்ந்த மணல் நிரப்பினால் வேர் இன்னும் குளிர்ச்சியாக இருக்கும்.

மே மாதம் புதுத்தளிர் வராது. பயப்பட வேண்டாம். தாயகத்திலும் கோடை வறட்சியில் இது வளர்ச்சியை நிறுத்தி உறங்குகிற செடிதான். நம் ஊரில் இரவிலும் சூடு இறங்காததால் உறக்கம் இன்னும் ஆழமாகிறது. வளரவில்லையே என்று இந்த நேரத்தில் உரம் போட்டு, தண்ணீரைக் கூட்டினால் உறங்கும் வேர் அதை எடுக்காது. மண்ணில் தங்கி அழுகலைக் கொண்டுவரும். கோடையில் உயிரோடு வைத்திருப்பது மட்டுமே வேலை.

வடகிழக்குப் பருவமழை

அக்டோபர் தொடங்கியதும் ஓர் இடத்தை முடிவுசெய்யுங்கள். மேலே கூரை, பக்கவாட்டில் காற்று, காலை வெயில் மூன்றும் இருக்கும் இடம். ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் தகட்டுக் கூரை இதற்குப் பொருத்தம். நகர்த்த இடமே இல்லையென்றால் தொடர்மழை நாட்களில் மண்ணின் மேற்பரப்பை மட்டும் ஒரு பாலித்தீன் தாளால் கூம்பாக மூடித் தண்டைச் சுற்றித் தளர்வாகக் கட்டுங்கள். இலைகள் வெளியே காற்றில் இருக்கட்டும். நனைந்துவிட்ட தொட்டியை ஒரு பக்கம் செங்கல் கொடுத்து நன்றாகச் சாய்த்து வைத்தால் அடியில் நிற்கும் நீரில் இன்னொரு பகுதி வடியும். சாய்த்தால் மண்ணின் உயரம் கூடி, தேங்கும் பட்டை ஒரு மூலைக்குச் சுருங்கிவிடும். செலவில்லாத வழி, நன்றாக வேலை செய்யும்.

உரம்

கொஞ்சம் போதும். டிசம்பர் முதல் மார்ச் வரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம். மீன் அமிலம், பஞ்சகவ்யம், யூரியா என்று தழைச்சத்தைக் கூட்டினால் தண்டு கொழுகொழுவென்று வளரும், வாசம் நீர்த்துவிடும், சாம்பல் நோய் வரும்.

கவாத்து

இதில் ஒரே ஒரு கண்டிப்பான விதி உண்டு: பச்சை இலை இருக்கும் பகுதியில்தான் வெட்ட வேண்டும். இலையற்ற பழைய கட்டையில் வெட்டினால் அங்கிருந்து தளிர்ப்பது அரிது. அந்தக் கிளை மொட்டையாகவே நின்று காய்ந்துபோகும். முருங்கையையும் செம்பருத்தியையும் அடியோடு வெட்டிப் பழகிய கைக்கு இதை நினைவில் வைப்பது சிரமம்.

செடி 15 செ.மீ. உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். கிள்ளிய இடத்துக்குக் கீழிருந்து இரண்டு கிளை வரும். அவை 10 செ.மீ. ஆனதும் மறுபடி கிள்ளுங்கள். இப்படி முதலாண்டு முழுவதும் செய்தால் அடியிலிருந்தே புதராகும். பிறகு ஜனவரியிலும் மார்ச் தொடக்கத்திலும் மூன்றில் ஒரு பங்குவரை கத்தரிக்கலாம். நடுவே நெருங்கிய மெல்லிய கிளைகளை எடுத்துவிட்டால் காற்று உள்ளே போகும். மழைக்காலத்திலும் கத்திரி வெயிலிலும் கத்தரிக்கோலைத் தொட வேண்டாம்.

கட்டிங் எடுப்பது

சமவெளியில் எவ்வளவு கவனித்தாலும் ஒரு மழையில் செடி போகலாம். ஆகவே ஆண்டுதோறும் டிசம்பர், ஜனவரியில் மாற்றுச் செடிகள் தயார் செய்வது அவசியம்.

பூக்காத, நடப்பு ஆண்டுக் கிளையைத் தேர்ந்தெடுங்கள். நுனியிலிருந்து 10 செ.மீ. நீளம், பச்சைத் தண்டு பழுப்பாக மாறத் தொடங்கும் இடத்தில், ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே கூரிய பிளேடால் வெட்டுங்கள். கீழ்ப்பாதி இலைகளை மேல்நோக்கி இழுக்காமல் கீழ்நோக்கி உருவினால் தோல் கிழியும். ஒவ்வொன்றாக மேல்நோக்கிக் கிள்ளி எடுங்கள். வேர் விடத் தூண்டும் பொடி இருந்தால் அடியை அதில் தொட்டு, அதிகப்படியைத் தட்டிவிடுங்கள்.

அலசிய மணலும் பெர்லைட்டும் சரிபாதி. பெர்லைட் இல்லையென்றால் கருக்கிய உமி. எரு எதுவும் வேண்டாம். கலவையை நனைத்து வடியவிட்டு, குச்சியால் துளை போட்டு, 5 செ.மீ. ஆழம் செருகி விரலால் அழுத்துங்கள். ஒரு 6 அங்குலத் தொட்டியில் ஓரமாக ஏழெட்டு வைக்கலாம். நிழலான, வெளிச்சமுள்ள இடம். செம்பருத்தி கட்டிங்குக்குச் செய்வதுபோல் பாலித்தீன் பையால் இறுக மூடிவிடாதீர்கள். பஞ்சு இலை இரண்டே நாளில் பூசணம் பிடிக்கும். கலவை காயத் தொடங்கும்போது மட்டும் நனையுங்கள்.

நான்கு முதல் ஆறு வாரத்தில் வேர் வரும். நுனியில் புதுத்தளிர் வந்ததை மட்டும் நம்பிவிடாதீர்கள், தண்டில் இருக்கும் சத்தைக் கொண்டே அது தளிர்க்கும். மெல்ல இழுத்துப் பார்க்கும்போது பிடிமானம் தெரிந்தால்தான் வேர். அதன்பின் இரண்டு வாரம் கழித்துத் தனித்தனியாக 4 அங்குலத் தொட்டிக்கு மாற்றுங்கள். பத்து வைத்தால் எல்லாம் வராது. தேவைக்கு இரண்டு மடங்கு வையுங்கள்.

பூச்சியும் பூசணமும்

மாவுப்பூச்சி கிளைக் கவட்டில் வெள்ளைப் பஞ்சாக உட்காரும். இலையின் ரோமத்தோடு கலந்து கண்ணுக்குத் தப்பும். எறும்பு ஏறுகிறதென்றால் தேடிப் பாருங்கள். பழைய பல் துலக்கியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து எடுங்கள். கோடையில் சிவப்புச் சிலந்தி வரும்: இலை வெளிறிப் புள்ளி புள்ளியாகும், நுண்ணிய வலை தெரியும். காலையில் வேகமான தண்ணீர்ப் பீய்ச்சலால் அடித்து, வெயிலில் காயவிடுங்கள். இரண்டுக்கும் லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில துளி காதி சோப்புக் கரைசலும் கலந்து, வாரம் ஒருமுறை மூன்று வாரம் மாலையில் தெளிக்கலாம். வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

இலையில் திருநீறு பூசியதுபோல் வந்தால் சாம்பல் நோய். நெருக்கமும் நிழலும்தான் காரணம். பாதித்த கிளைகளை வெட்டி எறிந்து, தொட்டிகளைத் தள்ளிவைத்து, வெயிலைக் கூட்டினாலே பெரும்பாலும் அடங்கும்.

இலை பறிப்பும் பயன்பாடும்

நட்டு ஆறு மாதம் ஆன செடியில், காலையில் பனி காய்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன் பறியுங்கள். எண்ணெய் இலையில் நிறைந்திருக்கும் நேரம் அது. தனித்தனி இலையாகப் பறிக்காமல் நுனிகளாக வெட்டினால் பறிப்பே கவாத்தும் ஆகும்.

காயவைக்க நாலைந்து குச்சிகளைச் சேர்த்துத் தளர்வாகக் கட்டி, காற்றோட்டமான நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். மொட்டை மாடி வெயிலில் வடகம் மாதிரிக் காயவைத்தால் வாசம் ஆவியாகிவிடும். இலையை வளைத்தால் ஒடிய வேண்டும்; வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. எடையில் நான்கு பங்கு பச்சை இலை ஏறத்தாழ ஒரு பங்காகச் சுருங்கும். நசுக்காமல் முழு இலையாகவே கண்ணாடிப் புட்டியில் இருட்டில் வையுங்கள், சமைக்கும்போது நசுக்கிக்கொள்ளலாம். உருளைக்கிழங்கு வறுவலுக்கும் ஆட்டுக்கறிக்கும் எண்ணெய் சூடானதும் முதலிலேயே போட வேண்டும். கறிவேப்பிலை மாதிரிக் கடைசியில் தூவினால் வாயில் குச்சியாக நெருடும். காய்ந்த இலை ஒரு தேக்கரண்டி, பச்சை இலை மூன்று தேக்கரண்டிக்குச் சமம்.

இப்போது பெரும்பாலானோர் இந்தச் செடியைத் தேடுவது தலைமுடிக்காக. 2015-இல் வெளியான ஈரானிய ஆய்வு ஒன்றில் 100 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு ரோஸ்மேரி எண்ணெயும் மீதிப் பேருக்கு 2 சதவீத மினாக்ஸிடில் என்ற முடி வளர்ப்பு மருந்தும் ஆறு மாதம் கொடுத்தார்கள். ஆறு மாத முடிவில் இரு பக்கமும் முடி எண்ணிக்கை கூடியது, இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. மூன்று மாதத்தில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. மருந்தே தராத ஒப்பீட்டுக் குழுவும் அதில் கிடையாது. அங்கே பயன்படுத்தியது வடித்தெடுத்த எண்ணெய். வீட்டில் கொதிக்கவைத்த ரோஸ்மேரித் தண்ணீரில் அந்த எண்ணெயின் சிறு பங்குதான் இருக்கும். அதை மனதில் வைத்துக்கொண்டு பயன்படுத்துங்கள்.

தண்ணீர் தயாரிக்க: அரை லிட்டர் தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, காய்ந்த இலை இரண்டு மேசைக்கரண்டி போட்டு, உடனே மூடி 20 நிமிடம் விடுங்கள். திறந்து கொதிக்கவிட்டால் வாசம் தரும் சினியோலும் கற்பூரமும் ஆவியோடு போய்விடும். வீடு மணக்கும், பாத்திரத்தில் எதுவும் மிஞ்சாது. வடிகட்டி ஃப்ரிட்ஜில் வைத்து ஐந்து நாளுக்குள் முடித்துவிடுங்கள், கலங்கினால் கொட்டிவிடுங்கள்.

எண்ணெயில் ஊறவைப்பதென்றால் காய்ந்த இலை மட்டும். பச்சை இலையின் ஈரம் எண்ணெய்க்குள் காற்றில்லாமல் அடைபடும்போது கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற நச்சுக் கிருமி வளர இடம் உண்டு. சமையலுக்கான எண்ணெயில் இது உயிருக்கே ஆபத்து. 200 மி.லி. தேங்காய் எண்ணெய்க்கு மொறுமொறுப்பாகக் காய்ந்த இலை 20 கிராம். கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து சிறு தீயில் ஒரு மணி நேரம், பிறகு துணியில் வடிகட்டுங்கள். கடையில் விற்கும் செறிந்த ரோஸ்மேரி எண்ணெயை உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது. நேராகத் தலையிலும் தடவக் கூடாது; 30 மி.லி. தேங்காய் எண்ணெய்க்கு ஆறேழு துளி போதும். முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுத் தலைக்குப் போங்கள். வலிப்பு நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்த எண்ணெயைத் தவிர்க்க வேண்டும். குழம்பில் போடும் அளவு இலையால் அவர்களுக்குப் பிரச்சினை இல்லை.